கூடத்து மூலையில் ஒரு குட்டிப் பெட்டி!

ராத்திரி படுக்கப் போகுமுன் வாசல் கதவைப் பூட்டினோமா, காஸை மூடினோமா, கொல்லைப்புறத் தாழ் விழுந்ததா என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். என் மாமியார் பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். "பூட்டு தொங்கினா போதுமா? விழுந்திருக்கணுமே!" என்பார். அவர் போய்ப் பல வருஷங்களாகியும் அந்த மூன்று தரம் இழுக்கிற வழக்கம் மட்டும் என்னை விடவில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டில் ஒரு கதவு இரண்டரை மாத காலம் விரியத் திறந்து கிடந்தது. ஊரே எட்டிப் பார்க்கலாம் என்கிற மாதிரி! வீட்டில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியாது. எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் பெண் இரண்டாவது பிரசவத்துக்குத் திருச்சிக்கு எங்களிடம் வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. சனி, ஞாயிறுகளில்தான் வர முடியும். "குழந்தை முகத்தைப் பார்க்காம இருக்க முடியலை அத்தை" என்று சொல்லி, தொட்டிலுக்கு எதிரே வைப்பதற்கு ஒரு கேமரா வாங்கி அனுப்பினார். உள்ளங்கை அகலம்தான். ஆபீஸில் இருந்தபடியே கைப்பேசியில் குழந்தை தூங்குவதைப் பார்ப்பார். சிணுங்கினால் அங்கிருந்தே "ஆராரோ" என்பார். குரல் இங்கே கேட்கும். நானும் பூரித்துத்தான் போனேன். குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு, அடுப்படியில் நின்றபடியே குழந்தையை ஒரு கண் பார்த்துக் கொள்ளலாமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பிள்ளை குழந்தையைப் பார்க்க வந்தான். ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது அவன் தொழில். காபி கொடுத்தேன். வைஃபை பாஸ்வேர்டு கேட்டான்; சொன்னேன். போனைத் தட்டிக் கொண்டே இருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"சித்தி, உங்க மோடத்தோட பாஸ்வேர்டை யாராவது மாத்தினாங்களா?"

"இப்பத்தானேடா உனக்குச் சொன்னேன்!"

"அது வைஃபை பாஸ்வேர்டு. நான் கேக்கிறது பெட்டியோட பாஸ்வேர்டு."

இரண்டும் வேறு வேறா! எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவன் பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தான். ஒரு பக்கம் வந்தது. பெயர் கேட்டது; 'அட்மின்' என்று போட்டான். பாஸ்வேர்டு கேட்டது, அதற்கும் 'அட்மின்' என்றே போட்டான். திறந்து கொண்டது! எங்கள் வீட்டு டி.வி., என் போன், அவர் போன், கேமரா என்று எல்லாம் வரிசையாக அங்கே எழுதியிருந்தது. கேமராவுக்கு நேரே இருந்த எண்ணை அடித்தான். இன்னொரு பக்கம். மறுபடி 'அட்மின்'. இந்தத் தடவை பாஸ்வேர்டு என்று எதையுமே போடவில்லை, காலியாகவே விட்டான்.

தொட்டில் தெரிந்தது. நீலப் புடவைத் தொட்டில். பக்கத்து ஸ்டூலில் நான் பாதி கட்டி வைத்திருந்த மல்லிகைப் பூ கூடத் தெரிந்தது.

"வீட்டுக்குள்ள இருக்கிறதால தெரியுது, அப்படித்தானே?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

அவன் வைஃபையை அணைத்தான். தன் சிம் கார்டின் டேட்டாவில், வெளியே தெருவில் இருக்கிறவன் எப்படி வருவானோ அப்படி வந்து பார்த்தான். அதே தொட்டில்! அதே மல்லிகைப் பூ!

அந்த அறையில்தான் என் பெண் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். அந்த அறையில்தான் குளித்துவிட்டு வந்தவளுக்கு நான் வயிற்றில் துணி கட்டி விடுகிறேன். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அவள்தான் முதலில் கேட்டாள்.

"யாராவது பார்த்திருப்பாங்களா அண்ணா?"

"பார்த்தாங்கன்னும் சொல்ல முடியாது, பார்க்கலைன்னும் சொல்ல முடியாது. வந்து போனவங்க கணக்கு எதையும் இந்தக் கேமரா வெச்சுக்கலை."

இன்று வரை எங்களுக்கு அதற்குப் பதில் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னை இதை எழுத வைத்தது. அன்று சாயங்காலம் முழுவதும் அவனை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதையும், பிறகு படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வைஃபை பெட்டியை நாம் பல்பு, ஃபேன் மாதிரி ஒரு சாமான் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை சகோதரிகளே! அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கேமராவும் அப்படியே, சில டி.வி.க்களும் பிரிண்டர்களும் கூட அப்படித்தான். திரை இல்லை, எழுத்துப் பலகை இல்லை. அப்படியானால் அதனோடு பேசுவது எப்படி? அதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் பெட்டிக்குள்ளேயே ஒரு வலைப்பக்கத்தை வைத்து அனுப்புகிறார்கள். அதன் எண்ணை அடித்தால் பக்கம் வரும்; உள்ளே போய் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும்.

ஆக, அந்தப் பக்கம்தான் பெட்டியின் வாசல் கதவு. வைஃபை பாஸ்வேர்டு என்பது தெருக் கேட்டின் சாவி என்றால், இது பீரோச் சாவி. பீரோச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் பெட்டிக்கு எஜமானர். கம்பெனியோ, லட்சக்கணக்கான பெட்டிகளுக்கும் ஒரே சாவியைப் போட்டு அனுப்பியிருக்கும். அந்தச் சாவியைப் புத்தகத்திலும் அச்சடித்திருக்கும்!

"வீட்டுக்குள்ள இருக்கிற பெட்டி வெளியே எப்படித் தெரியும்?" என்று நான் கேட்ட கேள்வி உங்களுக்கும் வரும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கேமரா, "எனக்கு வெளியே ஒரு வழி வேண்டும்" என்று மோடத்தைக் கேட்டிருக்கிறது. மோடமும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் திறந்து விட்டிருக்கிறது. யு.பி.என்.பி. என்று அந்த வசதிக்குப் பெயர். வசதிக்காக வைத்ததுதான், வினையாகவும் முடிகிறது.

பூட்டியும் திறந்த கதவுகள்

பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை. அந்தப் பக்கத்தைக் கட்டியவர்களே ஓட்டை விட்டிருந்தால்?

அமெரிக்காவில் டிரெண்ட்நெட் என்ற கம்பெனி, வீட்டுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கேமராக்களை விற்றது. வாங்கியவர்கள் ஒழுங்காகப் பாஸ்வேர்டு போட்டுத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் முன்வாசலில் பாஸ்வேர்டு கேட்ட கேமரா, உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தின் முகவரியை நேராக அடித்தால் ஒன்றும் கேட்காமல் படத்தைக் காட்டியது! 2012 ஜனவரியில் ஏறக்குறைய 700 கேமராக்களின் நேரடிப் படங்களுக்கு வழி சொல்லி இன்டர்நெட்டில் போட்டு விட்டார்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தைகள், விளையாடும் பிள்ளைகள், வீட்டு வேலை செய்யும் பெரியவர்கள்... எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கண்ணுக்கு! அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 2014-ல் முடிந்த உத்தரவின்படி, இருபது வருஷ காலத்துக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, வெளியாரைக் கொண்டு அந்தக் கம்பெனி தன் பாதுகாப்பைச் சோதித்துக் காட்ட வேண்டும்.

2013 ஆகஸ்டில் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் நடந்ததைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை தூங்குகிற அறையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்கிறது. பெற்றோர் ஓடிப் போய்ப் பார்த்தால், அந்தக் குரல் கேமராவிலிருந்து வருகிறது. குழந்தையின் பெயரைச் சொல்லிக் கெட்ட வார்த்தை பேசுகிறது! தகப்பனார் பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. கேட்பதற்கான கருவி அப்போது அணைந்திருந்தது. அதனால் அது எதுவும் அறியாமல் தூங்கிக் கொண்டிருந்ததாம். மாப்பிள்ளை "ஆராரோ" சொன்னதும் இப்படி ஒரு கேமரா வழியாகத்தானே என்று எனக்குத் தோன்றிற்று.

இன்னொரு கதை கேளுங்கள். 2013 அக்டோபரில் கிரெய்க் ஹெஃப்னர் என்ற ஆராய்ச்சியாளர், டி-லிங்க் கம்பெனியின் சில ரௌட்டர்களுக்குள் இருந்த எழுத்துக்களைப் பிரித்துப் படித்தார். பிரௌசர் தன் பெயரைச் சொல்லிக் கொள்ளும் இடத்தில் ஒரு விசித்திரமான சொல்லைச் சொன்னால், பெட்டி பாஸ்வேர்டே கேட்காமல் வழி விட்டது. அந்தச் சொல்லைப் பின்னாலிருந்து படித்தால் 'ஜோயல்' என்று ஒரு பெயரும், 'கொல்லைப்புறக் கதவு' என்று பொருள்படும் சொல்லும் வந்தன! ஏதோ வேலைச் சௌகரியத்துக்காக உள்ளே எழுதியவர்களே வைத்த கதவு. பிறகு கம்பெனி அதை அடைத்துப் புதிய மென்பொருள் கொடுத்தது. கொத்தனார் வசதிக்கு விட்ட சந்தை, கிருகப்பிரவேசம் ஆகியும் அடைக்காமல் விட்ட கதைதான்!

காசுக்கும் கேடு

மானம் மட்டுமல்ல, பணமும் போகும். பிரேசில் நாட்டில் 2011-லிருந்து நடந்ததைப் பாருங்கள். பல மோடங்களின் வலைப்பக்கத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே பாஸ்வேர்டையே கறந்து எடுத்து விடலாம். வீட்டுக்காரர் எவ்வளவு கடினமாக வைத்திருந்தாலும் சரி. திருடர்கள் ஏறக்குறைய 45 லட்சம் மோடங்களுக்குள் புகுந்து விட்டார்கள். புகுந்து என்ன செய்தார்கள்? பெட்டிக்குள் இருக்கும் முகவரிக் குறிப்பை மட்டும் மாற்றினார்கள்.

இது எப்படித் தெரியுமா? நாம் பாங்கியின் பெயரை அடிக்கிறோம். அந்தப் பெயருக்கு எந்த எண் என்று கேட்டுச் சொல்வது டி.என்.எஸ். என்கிற ஏற்பாடு. யாரிடம் கேட்க வேண்டும் என்பது நம் மோடத்தில் குறித்திருக்கும். அந்தக் குறிப்பைத் திருடன் தன் ஆள் பெயருக்கு மாற்றி விட்டால், நாம் சரியாகவே பெயர் எழுதினாலும் போய்ச் சேர்வது போலிப் பாங்கியில்! கம்ப்யூட்டரில் ஒரு குற்றமும் இல்லை, போனில் ஒரு குற்றமும் இல்லை. கூடத்து மூலையில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? 2012-ல் கேஸ்பர்ஸ்கி நிறுவனத்து ஆராய்ச்சியாளர் இதை விவரமாக எடுத்துச் சொன்ன பிறகு உலகமே திடுக்கிட்டது.

மூன்றாவது ஒரு வகை ஓட்டை உண்டு. கடைக்குப் போகும் பையனிடம் 'துவரம் பருப்பு ஒரு கிலோ' என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். நடுவழியில் ஒருவன் அதே சீட்டின் அடியில் 'வரும்போது பீரோவிலிருந்து வளையலையும் எடுத்து வா' என்று எழுதி விடுகிறான். பையன் சூதுவாது தெரியாதவன். சீட்டில் இருப்பதை எல்லாம் செய்கிறான். அந்தப் பக்கங்களில் எண்ணோ பெயரோ எழுதச் சொல்லும் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? எழுதியது வெறும் பெயர்தானா என்று சரிபார்க்காத பெட்டிகளில், பெயருக்குப் பின்னால் ஒரு கட்டளையையும் சேர்த்து எழுதிவிட்டால் பெட்டி அதையும் நிறைவேற்றி விடும்!

2016-ல் 'மிராய்' என்ற பெயரில் ஒரு நாசகாரப் புரோகிராம் பரவிற்று. அது வலைப்பக்கத்தின் வழியாக அல்ல, டெல்நெட் என்ற பக்கத்து வாசல் வழியாக வந்தது. கம்பெனிக்காரர் போட்ட அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ந் தேதி அப்படிப் பிடிபட்டவை சேர்ந்து கொண்டு தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை பல மணி நேரம் ஸ்தம்பித்தன. மிராயை உருவாக்கியதாகப் பின்னால் ஒப்புக் கொண்டவர்கள் மூன்று வாலிபர்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். 2025 பிப்ரவரியில், குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் கேமராப் படங்கள், பரிசோதனைக்குப் படுத்திருந்த பெண்களின் படங்கள், யூ டியூபிலும் டெலிகிராமிலும் விலை பேசப்பட்டது வெளியாயிற்று. போலீஸார் பலரைக் கைது செய்தார்கள். அந்தக் கேமராக்களுக்கு மிகச் சுலபமான ஆரம்பப் பாஸ்வேர்டே மாற்றப்படாமல் இருந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. அந்தப் பெண்கள் செய்த பிழை என்ன, சொல்லுங்கள்? டாக்டரிடம் போனதுதான்!

நாம் செய்ய வேண்டியவை

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஒரு மத்தியான வேளை, அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலானவற்றை நாமே செய்து விடலாம். நான் செய்தேன், அறுபதை நெருங்கும் என்னால் முடிந்தது உங்களால் முடியாதா?

1. பெட்டியின் அடிச் சீட்டைப் பார்த்து, அந்த எண்ணைப் பிரௌசரில் அடித்து உள்ளே போங்கள். பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபைக்கு ஒன்று, பெட்டிக்கு வேறு ஒன்று. குழந்தை பெயர், பிறந்த தேதி வேண்டாம். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்தால் தப்பில்லை. பெட்டி மேல் ஒட்டி வைக்காதீர்கள்.

2. 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஓர் இடம் இருக்கும். வெளியிலிருந்து பெட்டிக்குள் வருவதற்கான வழி அது. அணைத்து விடுங்கள். யு.பி.என்.பி.யையும் அணையுங்கள். அணைத்ததும் வீட்டில் ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், அது எது, ஏன் என்று விசாரித்த பிறகே மறுபடி திறவுங்கள்.

3. 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்று இருப்பதை அழுத்துங்கள். ஓட்டையை அடைத்துக் கம்பெனி அனுப்பும் புது மென்பொருள் அதில்தான் வரும். கூரைக்கு ஓடு மாற்றுகிற மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். தானாகவே வரும்படி வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

4. பல வருஷமாகக் கம்பெனி எதுவும் அனுப்பாத பழைய பெட்டியை, நன்றாக ஓடுகிறதே என்று வைத்துக் கொள்ளாதீர்கள். கைப்பிடி ஆடுகிற குக்கரை வைத்துக் கொள்வோமா?

5. கேமராவுக்கும் இதே கதைதான். அதற்கும் தனிப் பாஸ்வேர்டு உண்டு. கேமரா, டி.வி. முதலியவற்றை 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தனி வைஃபையில் போட்டுவிட்டால், ஒன்று கெட்டாலும் மற்றவற்றுக்குப் பரவுவது கடினம்.

6. வேலை முடிந்ததும் பெட்டியின் பக்கத்திலிருந்து 'லாக் அவுட்' செய்து வெளியே வாருங்கள்.

7. இன்டர்நெட் கொடுத்த கம்பெனியே சில இடங்களைப் பூட்டி வைத்திருக்கலாம். அவர்களுக்குப் போன் செய்து, "பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுங்கள், புது ஃபர்ம்வேர் இருக்கிறதா பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

8. எல்லாவற்றுக்கும் மேலாக, பால் கொடுக்கிற, உடை மாற்றுகிற, குளிப்பாட்டுகிற இடத்தில் கேமராவே வேண்டாம். எந்தப் பூட்டையும் விட நல்ல பூட்டு அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையை உங்கள் வீட்டுப் பெட்டியில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் பெட்டிக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். உங்கள் படத்தை யாராவது எடுத்து விட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியது நாம் அல்ல. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில், பெயர் சொல்லாமலே கூடப் புகார் கொடுக்கலாம். அனுமதியின்றி அந்தரங்கப் படம் எடுத்தாலோ பரப்பினாலோ, 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

சட்டங்களும் மெள்ள மெள்ள வருகின்றன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்தும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-லிருந்தும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே சுலபமான பாஸ்வேர்டு போட்டு விற்பது கூடாது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரலிலிருந்து சி.சி.டி.வி. கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பரணிலும் சுவரிலும் இருக்கும் பழையவற்றை எந்தச் சட்டம் வந்து பார்க்கும்? நாம்தான் பார்க்க வேண்டும்.

அன்று ராத்திரி மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னோம். வெகு நேரம் அவர் பேசவே இல்லை. "நான்தானே அத்தை வாங்கி அனுப்பிச்சேன்..." என்றார் கடைசியில். "நீங்க ஆசையாத்தான் அனுப்பிச்சீங்க. செஞ்சு வித்தவங்க யோசிச்சிருக்கணும்" என்றேன். அந்தக் கேமராவுக்குக் கம்பெனி புது மென்பொருள் எதுவும் தரவில்லை என்று அக்கா பிள்ளை தேடிப் பார்த்துச் சொன்னான். அதை அழித்துக் கழித்து விட்டோம். இப்போது தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு வீடியோ காலில் அப்பாவும் பிள்ளையும் பேசிக் கொள்கிறார்கள். பேச்சு முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்து விடுகிறாள் என் பெண்.

நானும் ராத்திரிச் சுற்றில் ஒரு இடத்தைக் கூட்டிக் கொண்டு விட்டேன். வாசல், காஸ், கொல்லைப்புறம்... அப்புறம் கூடத்து மூலை. அந்தப் பெட்டியை இழுத்துப் பார்க்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் மாமியாரை நினைத்துக் கொண்டு ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். மாதப் பிறப்பன்று மட்டும் உள்ளேயும் போய்ப் பார்த்து விடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா?